வாகீசன் மாஸ்டரின் மொழிபெயர்ப்பு

வாகீசன் என்றால் பேச்சுக்கு அதிபதி என்று பொருள். பெயர் வைத்த சாத்திரியார் எந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொன்னாரோ, பாவம். வாகீசன் மாஸ்டர் வாயைத் திறந்து நாலு வசனம் சேர்ந்தாற்போல் பேசினால் அன்றைக்குக் கோடையிலும் பனி கொட்டும் என்று ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதித் தமிழர்கள் பகிடி பண்ணுவார்கள். ஊர் அவரை மாஸ்டர் என்றும் அவர் என்றும் மரியாதையாகச் சொன்னது. நானும் அப்படியே சொல்கிறேன். கதை முடிந்த பிறகு அந்த மரியாதையை வைத்திருப்பதா, திருப்பி வாங்குவதா என்பது உங்கள் பாடு.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். நிகழ்தகவு அவருடைய துறை. கலாநிதிப் பட்டம் எடுப்பதற்கென்று எண்பத்தொன்பதில் ரொறன்ரோவுக்கு வந்தார். வந்த இடத்தில் உதவிப் பணத்துக்காக முதலாம் வருட மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியிருந்தது. இரவிரவாக ஆயத்தம் பண்ணிக்கொண்டு போய், கரும்பலகை நிறைய அழகாக எழுதி, ஒவ்வொரு வரியையும் விளக்குவார். தவணை முடிவில் அந்தப் பிள்ளைகள் ஆசிரியரைப் பற்றி எழுதிக் கொடுப்பது அங்கே வழக்கம். ‘இந்த ஆள் பேசுவது எந்த மொழி?’ என்று ஒருத்தன் எழுதியிருந்தான். மற்றவர்களும் அதையே கொஞ்சம் மரியாதையாக எழுதியிருந்தார்கள். பேராசிரியர் கூப்பிட்டு, முதுகில் தட்டி, இனிமேல் விடைத்தாள் மட்டும் திருத்தினால் போதும் என்றார். இங்கிலிஷில் பிழை கிடையாது, ஐயா! இலக்கணம் சுத்தமாக இருந்தது. உச்சரிப்புத்தான் ஊர் உச்சரிப்பு. அதற்குப் பிறகு மாஸ்டர் வெள்ளைக்காரர் முன்னால் வாய் திறப்பதைக் குறைத்தார், ஆராய்ச்சியும் அப்படியே இழுபட்டு ஒருநாள் நின்றுபோனது.

வாய் திறக்கத் தேவையில்லாத ஓரிடத்தை ஒரு சக மாணவன் அவருக்குக் காட்டினான். அந்தக் காலத்தில் தரும காரியங்களுக்குப் பணம் சேர்க்கிறோம் என்று சொல்லி ஹோட்டல் மண்டபங்களில் கசினோ நடத்துவார்கள். அதன் ஒரு மூலையில் போக்கர் மேசை இருக்கும். கையில் இரண்டு தாள், மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து தாள், பந்தயம் கூட்டுவதும் விடுவதும் அவரவர் துணிச்சல். பேச்சு வேண்டாம். காசுக்குப் பதிலாக வைக்கிற வில்லைகளை முன்னால் தள்ளினால் அதுதான் பேச்சு. மாஸ்டர் ஒரு மணித்தியாலம் பின்னால் நின்று பார்த்தார். அங்கிருந்த ஒருவருக்கும் கணக்குத் தெரியாது என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

அதிலேயே பிழைக்கத் தொடங்கினார். சூதாடி என்று நினைத்துவிடாதீர்கள். சூதாடிக்கு ஆசை உண்டு, இந்த மனிதருக்கு அது இல்லை. பொழுது முழுக்க நல்ல தாள் வராவிட்டால் பொழுது முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்டுக் கல்லுப் போல இருப்பார். எவன் காதைச் சொறிந்தால் பொய், எவன் மூச்சை இழுத்தால் மெய் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் பதிவாகியிருக்கும். மற்றவன் பொறுமை இழக்கிற நேரம் பார்த்து எடுப்பார். வெளியில் கேட்பவர்களுக்கு ‘யூனிவேசிற்றியிலை’ என்று ஒரே சொல்லில் மறுமொழி. தொண்ணூற்று நாலில் அவரைக் கலியாணம் செய்து வந்த யோகராணியும் அதை நம்பித்தான் வந்தாள். வருடம் திரும்புவதற்குள் விட்பியில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் பெட்டியோடு போய்விட்டாள். “என்ர முகத்தைப் பாத்து நான் என்ன நினைக்கிறன் எண்டு கண்டுபிடிப்பியள். கண்டுபிடிச்சுப்போட்டுச் சும்மா இருப்பியள். உங்களோட ஆர் சீவிக்கிறது?” என்று கேட்டுவிட்டுப் போனாள். மாஸ்டர் அதற்கும் சும்மா இருந்தார்.

இனி சூசைதாசனைச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

சூசைதாசன் மன்னார்ப் பக்கத்து மீன்பிடிகாரர், பேசாலை. மாஸ்டரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஸ்காபரோவில் பிளாஸ்ரிக் வாளி செய்கிற தொழிற்சாலையில் வேலை. ரொறன்ரோவுக்கு வந்த மறு வருடம் மாணவர் அறைக்கு வாடகை கட்ட வழியில்லாமல் மாஸ்டர் நின்றபோது, யாரோ சொல்லக் கேட்டு, முன்பின் தெரியாத மனிதரைத் தன் வெக்ஸ்போர்ட் அப்பாட்மென்ருக்குக் கூட்டிவந்து ஓர் அறையைக் கொடுத்தவர். “படிச்ச மனிசன் எங்கட வீட்டில இருக்கிறது எங்களுக்குத்தானே பெருமை” என்று சொல்லி வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை. மனைவி அன்ரனெற்றும் மகள் ஜூலியும் ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கனடாவுக்கு எடுப்பிப்பதுதான் சூசைதாசனுக்கு இருந்த ஒரே யோசனை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசெல்லாம் அதற்குத்தான்.

அவருடைய அகதி விசாரணை தொண்ணூற்றொன்றில் நடந்தது. மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் எங்கள் பேச்சு பிடிபடவில்லை. “பொடியள் வந்து வள்ளத்தைக் கொண்டு போட்டினம்” என்று சூசைதாசன் சொன்னதை, ‘சின்னப் பையன்கள் வந்து படகை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்’ என்று அவர் இங்கிலிஷில் சொன்னார். விசாரித்த அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. சின்னப் பையன்களுக்குப் பயந்தா இவ்வளவு தூரம் ஓடி வந்தாய் என்று கேட்டார். துணைக்கு வந்து பின் கதிரையில் இருந்த மாஸ்டர் எழும்பினார். அனுமதி கேட்டு, பொடியள் என்றால் எங்கள் ஊரில் துவக்கும் தோட்டாவுமாகத் திரிகிற இயக்கக்காரர்கள் என்று நிதானமாக விளங்கப்படுத்தினார். அதிகாரியின் சிரிப்பு நின்றது. சூசைதாசனுக்கு நாட்டில் இடம் கிடைத்தது.

அன்றோடு சூசைதாசன் அவரைத் தலையில் தூக்கி வைத்துவிட்டார். டொக்ரரிடமோ வங்கியிலோ ஓர் அலுவல் என்றால் “என்ர வாய் மாஸ்டர்தான்” என்று கையோடு கூட்டிப் போவார். தானாக இங்கிலிஷ் பழக வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. வாய் இருக்கும்போது இன்னொரு வாய் எதற்கு?

சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் முன்னூற்றிநாலு என்ற கடுதாசி விளையாட்டு நடக்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நாலு பேர், இரண்டு பக்கம். எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. இந்த விளையாட்டில் உங்கள் கூட்டாளி தாள்களைப் பிடிக்கப் போகிறான் என்று தெரிந்தால், உங்கள் கையிலுள்ள பெரிய தாளைக் கொண்டுபோய் அவன் பிடியில் போட வேண்டும். யார் எடுத்தாலும் புள்ளி இரண்டு பேருக்கும்தான். சூசைதாசன் எப்போதும் மாஸ்டருக்கு எதிரேதான் இருப்பார். சேர்ந்து வென்றால் தொடையில் தட்டி, “எங்கட பக்கம்!” என்று கத்துவார். மாஸ்டரும் அப்போது மட்டும் சிரிப்பார்.

மாஸ்டருக்குக் கார் ஓட்ட வராது. மூன்று தரம் சோதனையில் கோட்டை விட்டவர். றிச்மண்ட் ஹில்லுக்குக் கிட்ட ஒரு ஹோட்டல் மண்டபத்தில் புதுப் போக்கர் மேசை தொடங்கியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்த கையோடு சூசைதாசன் தன் பழைய கொரோலாவில் அவரைக் கொண்டுபோய் விட்டார். இரண்டு கிழமை வெளியில் இருந்தார். மூன்றாம் கிழமை கேட்டார்.

“மாஸ்டர், கடுதாசி விளையாட்டுத்தானே. நானும் வந்து இருக்கட்டோ? தனியா வெள்ளையளுக்கு நடுவில இருக்கிறியள். எதிர்ப்பக்கம் நம்மட ஆள் ஒண்டு இருந்தால் உதவிதானே.”

மாஸ்டர் மறுக்க நினைத்தார். நினைத்தார் என்பதை நான் மறைக்கவில்லை. பிறகு தலையை ஆட்டினார்.

அந்த மேசையில் ஒரு சட்டம் இருந்தது. ஆட்டம் ஓடும்போது இங்கிலிஷ் தவிர வேறு மொழியில் பேசக் கூடாது. அதை மாஸ்டர் காரில் வைத்தே சொல்லிக் கொடுத்தார். சூசைதாசன் யோசித்தார். யோசித்துக் கண்டுபிடித்ததைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எதிர்க் கதிரையில் போய் இருந்தார், தாளைத் தூக்கிப் பார்த்தார், நெற்றியில் சிலுவை போட்டார், கண்ணை மூடினார்.

“மடு மாதாவே,” என்று முணுமுணுத்தார், “ரெண்டு ராசா வந்திருக்கு. எங்களைக் காப்பாத்தும்.”

தாள் பிரிக்கிற பெண் மரியாதையாகக் காத்திருந்தாள். செபம் பண்ணுகிறவனை எந்தச் சட்டம் தடுக்கும்? மாஸ்டர் தன் கையிலிருந்த தாள்களை ஓசைப்படாமல் தூக்கிப் போட்டார்.

அடுத்த ஆட்டத்தில் மாதாவிடம் ஒரு ராணி போனாள். அதற்கடுத்ததில் “மாதாவே, ஒண்டுமில்லை, குப்பை.” குப்பையை வைத்துக்கொண்டு சூசைதாசன் பந்தயத்தைக் கூட்டினார். மாஸ்டர் திகைத்துவிட்டார். எதிரே இருந்த மனிதர் கண்ணைச் சிமிட்டினார். அப்போதுதான் மாஸ்டருக்கு விளங்கியது. இந்த ஆள் முன்னூற்றிநாலு விளையாடுகிறார்! கூட்டாளியின் பிடியில் பெரிய தாளைப் போடுகிற மாதிரி, மாஸ்டர் எடுக்கப் போகிற குவியலில் தன் வில்லைகளைக் கொண்டுவந்து கொட்டுகிறார். யார் எடுத்தாலும் ஒரு பக்கம்தானே!

போக்கரில் பக்கம் கிடையாது. ஒவ்வொருவனும் தனித்தனி. அதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். காரில் திரும்பி வரும்போது சொல்லியிருக்கலாம். அன்று காரில் சூசைதாசன் சந்தோசமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினார். “எப்பிடி மாஸ்டர், உங்கட பிடிக்கு நல்லாப் போட்டன் என்ன?” என்று கேட்டார். மாஸ்டர் “ஓம்” என்றார். வழியில் ஒரு கோப்பியும் டோனட்டும் வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் கொடுத்த பங்கு. படித்த மனிதரிடம் பங்கு கேட்பதற்குச் சூசைதாசனுக்கு வெட்கம். மாஸ்டர் எல்லாவற்றையும் எங்களுக்காக எடுத்து வைத்திருப்பார், வேளை வரும்போது தருவார் என்று இருந்துவிட்டார்.

இப்படியே சில மாதங்கள் ஓடின. மாதாவுக்குப் போன செபமெல்லாம் மாஸ்டரின் காதுக்கு வந்தது. சூசைதாசனிடம் நல்ல தாள் இருக்கும்போது மாஸ்டர் ஒதுங்குவார், இல்லாதபோது உள்ளே இழுப்பார். மற்றவர்களிடம் அவருக்குக் கணக்குத் தேவைப்பட்டது. இந்த மனிதரிடம் கணக்கே தேவைப்படவில்லை. கொழும்பில் லொட்ஜில் பெட்டி கட்டி வைத்திருந்த அன்ரனெற்றுக்குச் சூசைதாசன் ஃபோன் எடுத்து, “இந்த வருசம் சரிவராது போல கிடக்கு, அடுத்த வருசம் பாப்பம்” என்று சொன்னார். அவர் அதைச் சொல்லும்போது மாஸ்டர் பக்கத்து அறையில் இருந்தார். சுவர் மெல்லியது, எல்லாம் கேட்டது.

மார்கழியில் ஒரு ஞாயிறு, மேசையில் இருந்த போர்த்துக்கீசக் கிழவர் ஒருவர் எழும்பிப் போய் முறைப்பாடு சொன்னார். அவரும் மாதா பக்தர்தான். எந்தச் செபமும் ஒவ்வொரு தாளுக்கும் மாறாது என்று அவருக்குத் தெரியாதா? இரண்டு பேரும் சேர்ந்து களவு செய்கிறார்கள் என்றார்.

மண்டபத்துக்குப் பொறுப்பாளன் எட்வேட் என்ற வெள்ளைக்காரன். அவன் இரண்டு பேரையும் பின்னறைக்குக் கூப்பிட்டான். சூசைதாசன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு மாஸ்டருக்கு ஓரடி பின்னால் நின்றார். விசாரணை என்றால் இப்படித்தான் நிற்பது என்று அவருக்குப் பழக்கம்.

எட்வேட் நேராக விசயத்துக்கு வந்தான். சேர்ந்து விளையாடினால் இரண்டு பேருக்கும் தடை. இங்கே மட்டுமல்ல. இந்த நகரத்தில் மேசை நடத்துகிற எல்லோருக்கும் படம் போய்விடும், பிறகு ஒரு கதவும் திறக்காது. சொல்லிவிட்டு மாஸ்டரைப் பார்த்துக் கேட்டான்: “இந்த ஆள் என்ன சொல்கிறார்? உண்மையில் செபம்தானா?”

ஓம் என்று ஒரு சொல். ‘ஓம், அது செபம், எங்கள் ஊர் மாதா, மீன்பிடிகாரர்கள் எதற்கெடுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்’ என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? எட்வேட் நம்பியும் இருக்கலாம், நம்பாமலும் விட்டிருக்கலாம். மாஸ்டர் அதைத்தான் கணக்குப் பார்த்தார். பட்டம் போய்விட்டது, வகுப்பு போய்விட்டது, யோகராணி போய்விட்டாள். பேசாமல் பிழைக்கக்கூடிய ஒரே கதிரை இந்தக் கதிரை. அதையும் ஒரு காசைச் சுண்டுவது போல் பாதிக்குப் பாதி என்று வைக்கலாமா? நல்ல தாள் இல்லையென்றால் தூக்கிப் போடு. எட்டு வருடமாக அவர் அதைத்தான் செய்து பிழைத்தார்.

“செபம் இல்லை,” என்று இங்கிலிஷில் சொன்னார். “தன் கையில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்கிறார். நான் ஒருநாளும் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய தொந்தரவு.”

“ஏன் எங்களிடம் சொல்லவில்லை?”

“என் நாட்டுக்காரர். படிப்பில்லாதவர். வெட்கமாக இருந்தது.”

அவர் வாயிலிருந்து அத்தனை இங்கிலிஷ் வசனங்கள் சேர்ந்தாற்போல் வந்து பல வருடமாகியிருந்தது. எட்வேட் ஒரு சொல்லையும் திருப்பிக் கேட்கவில்லை. எல்லாம் விளங்கியது அவனுக்கு. “நீங்கள் மிகத் தெளிவாகப் பேசுகிறீர்கள், சேர்” என்று கையை நீட்டினான். மாஸ்டரின் முகம் சிவந்துபோனது. சந்தோசத்தில் ஐயா, சந்தோசத்தில்! இந்தப் பாவத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

“என்னவாம் மாஸ்டர்?” என்று பின்னாலிருந்து சூசைதாசன் மெதுவாகக் கேட்டார்.

“அந்தக் கிழவன் பிழையாக் கோள் மூட்டிப்போட்டான். பொலிசுக்குக் குடுக்கப் பாத்தவங்கள். நான் கதைச்சு நிப்பாட்டிப்போட்டன். நீங்கள் இனி உள்ள வரக்கூடாதாம்.”

“ஐயோ, உங்களுக்கு?”

“எனக்குப் பிரச்சினை இல்லை.”

“மாதா காப்பாத்தினா” என்று சூசைதாசன் நெஞ்சில் கை வைத்தார். எட்வேட் கமெராவை எடுத்தான். தடை போட்டவர்களின் படத்தைச் சுவரில் ஒட்டுவது அவர்களுடைய வழக்கம். “உது என்னத்துக்கு?” என்று சூசைதாசன் கேட்க, “சும்மா, ஒரு பதிவுக்கு” என்றார் மாஸ்டர். சூசைதாசன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டு, படத்துக்கு அழகாகச் சிரித்தார்.

நீங்கள் நினைப்பீர்கள், அதோடு சூசைதாசன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருந்திருப்பார் என்று. இல்லை. மாஸ்டருக்கு யார் கார் ஓட்டுவது? வழமை போலவே பூசை முடியக் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு, வாகனத் தரிப்பில் காரை நிறுத்தி உள்ளேயே இருப்பார். பெற்றோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிடுவார். இரண்டு ஜக்கெட், கம்பளித் தொப்பி, கையில் செபமாலை. “நான் உள்ள வராட்டி என்ன மாஸ்டர், நீங்கள் விளையாடுறது எனக்கும் சேத்துத்தானே” என்பார். தான் செய்யக்கூடிய உதவி இனி அதுதான் என்று நினைத்து, இப்போது உண்மையாகவே செபம் பண்ணினார்.

மாசி மாதத்தில் ஒருநாள் அந்தக் குளிரில் கார் பற்றரி செத்துப்போனது. சூசைதாசன் சகோதரியின் மகன் கிளிபோட்டுக்கு ஃபோன் பண்ணினார். இருபத்திரண்டு வயது, பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, மாமனோடுதான் இருந்தான். வந்து வயரைக் கொடுத்துக் காரைக் கிளப்பிவிட்டு, மாஸ்டருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று மண்டபத்துக்குள் போனான். உள்ளே நுழைகிற சுவரில், கள்ளர் வரிசையில், தலை சீவிச் சிரித்தபடி அவன் மாமா!

கிளிபோட்டுக்கு ரத்தம் கொதித்தது. எட்வேட்டிடம் போய்ச் சண்டை பிடித்தான். கிழவன் ஒருவனின் பேச்சை நம்பி எப்படிப் படம் போடலாம் என்று கேட்டான். எட்வேட் பொறுமையாகப் பதில் சொன்னான். மாமனுடைய நண்பரே அதை ‘கொறொபொறேற்’ செய்தார் என்றான். மாஸ்டர் மேசையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். கிளிபோட் அவரோடு பேசவில்லை. காருக்குத் திரும்பி வந்து மாமனிடம் சொன்னான்.

“மாமா, உம்மைக் காட்டிக் குடுத்தது மாஸ்டர்தான்.”

சூசைதாசன் கையை ஓங்கிவிட்டார். பிறகு இறக்கினார். “எட்வேட் என்ன சொல்லுச் சொன்னவன்? அந்தச் சொல்லைச் சொல்லு.”

கிளிபோட் சொன்னான்.

“அதுக்கு நீ சொல்லுற கருத்துச் சரியோ பிழையோ எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? நீ படிச்சனியோ? வாற ஞாயிறு மாஸ்டரிட்டையே கேப்பம். உன்னையும் பக்கத்தில வச்சுக் கேப்பன். நீ சொல்லுறது பொய்யெண்டால் என்ர வீட்டில உனக்கு இடமில்லை.”

அந்தக் கிழமை முழுக்க சூசைதாசன் அந்தச் சொல்லை வாயில் வைத்து உருட்டினார். தொழிற்சாலையில் வாளி அடுக்கும்போதும் உருட்டினார், மறந்து போகக்கூடாதே என்று. அவருக்குப் பயம் இருந்தது. இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு இரவு அவர் நித்திரை கொள்ளவில்லை.

ஞாயிறு வந்தது. வெளியே மைனஸ் இருபதுக்குக் கிட்ட. மாஸ்டர் முன் சீற்றில், கிளிபோட் பின் சீற்றில். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கடைகள் இல்லாத ஒரு நீண்ட தெருவில் கார் போய்க்கொண்டிருந்தபோது சூசைதாசன் தொண்டையைச் செருமினார்.

“மாஸ்டர், ஒரு சொல்லுக்குக் கருத்துத் தெரியவேணும். கொறபுறேற். அப்பிடித்தானேடா?”

“கொறொபொறேற்” என்றான் பின்னாலிருந்து கிளிபோட்.

மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. “எங்க கேட்டனீங்கள்?”

“எட்வேட் சொன்னவனாம். என்ர விசயத்தில நீங்கள் அதைச் செய்தனீங்களாம்.”

கார் போய்க்கொண்டிருந்தது. சூசைதாசன் தெருவைப் பார்க்காமல் மாஸ்டரின் முகத்தையே பார்த்தார். யோகராணி முதல் எட்வேட் வரை எல்லோருடைய முகத்தையும் படித்த மனிதருக்கு இந்த முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் வேண்டும்? பொய்யைச் சொல்லுங்கோ மாஸ்டர், நான் நம்பத் தயாராய் இருக்கிறன் என்று அந்த முகம் கெஞ்சியது. அதில் எழுதியிருந்தது அதுதான்.

“உறுதிப்படுத்திறது எண்டு கருத்து” என்றார் மாஸ்டர்.

சரியான கருத்து. எந்த அகராதியை எடுத்துப் பார்த்தாலும் அதுதான் இருக்கும்.

“உறுதிப்படுத்திறதோ?”

“ஓம். நீங்கள் நேர்மையான ஆள் எண்டு நான் உறுதிப்படுத்தினனான். அதைத்தான் சொல்லியிருக்கிறான்.”

“பொய்!” என்று கிளிபோட் கத்தினான். “மாமா, பச்சைப் பொய்! படத்தை ஏன் பின்ன சுவரில ஒட்டி வச்சிருக்கிறாங்கள்?” பிறகு ஆத்திரத்தில் அவனுக்குத் தமிழ் வரவில்லை. மாஸ்டரின் தோளைப் பிடித்து இங்கிலிஷில் கேட்டான்: “அவர் உங்களுக்கு வீடு தந்தவர். ஒரே ஒருதரம் உண்மையைச் சொல்லுங்கள். ப்ளீஸ்.”

“என்னவாம் மாஸ்டர் சொல்லுறான்?” என்று சூசைதாசன் கேட்டார்.

மாஸ்டர் தோளிலிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

“தான் இப்பவும் நம்பேல்லையாம். உங்களுக்கு ஒண்டும் விளங்காதாம்.”

சூசைதாசன் காரை ஓரத்தில் நிறுத்தினார். அவருடைய முகத்தில் ஒரு கிழமையாக இருந்த பாரம் இறங்கிவிட்டது. கண் கலங்கியிருந்தது. “இறங்கடா” என்றார்.

“மாமா, இதில பஸ் கூட வராது.”

“இறங்கு. என்ர வாயைப் பற்றிப் பிழையாக் கதைச்ச உனக்கு என்ர காரில இடமில்லை. பின்னேரம் வந்து உன்ர சாமானை எடுத்துக்கொண்டு போ.”

கிளிபோட் இறங்கினான். மேல்சட்டையை இழுத்து மூடிக்கொண்டு வந்த வழியே நடந்தான். கார் திரும்பவும் புறப்பட்டது. “குறை நினைக்காதேங்கோ மாஸ்டர்,” என்றார் சூசைதாசன். “உவனுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலிசும் தெரியாது. ஹீற்றரைக் கூட்டி விடட்டோ?”

“கூட்டுங்கோ” என்றார் மாஸ்டர்.

வாசலில் இறங்கி, சுவரில் சிரித்துக்கொண்டிருந்த படத்தைத் தாண்டி உள்ளே போனார். எட்வேட் தூரத்திலிருந்தே “சேர்” என்று தலையை அசைத்தான். மேசையில் இருந்தார். மாஸ்டருக்குக் கை நடுங்கியிருக்கும், கணக்குப் பிழைத்திருக்கும், அன்றைக்காவது தோற்றிருப்பார் என்று எதிர்பார்க்கிறீர்கள். நானும் அப்படித்தான் விரும்பினேன். இல்லை. அந்த வருடத்தில் அவர் அவ்வளவு நன்றாக விளையாடிய நாள் வேறில்லை. நல்ல தாள் வரும்வரை பொறுத்திருந்தார், வந்தபோது எடுத்தார்.

பொழுது சாய அவர் வெளியே வந்தபோது கார்க் கண்ணாடி முழுக்க உள்ளேயிருந்து மூச்சுப் பட்டு உறைந்திருந்தது. சூசைதாசன் செபமாலையைப் பைக்குள் போட்டுவிட்டு, விறைத்த கையால் கதவைத் திறந்துவிட்டார்.

“எப்பிடி மாஸ்டர்? எங்கட பக்கமோ?”

வாகீசன் ஏறி இருந்து பெல்ற்றைப் போட்டார்.

“ஓம்” என்றார். “எங்கட பக்கம்தான்.”